தொட்டால் விழிக்கும் ஆளி

யாழ்ப்பாணக் குடாநாட்டில் 1990ஆம் ஆண்டு மின்சாரம் நின்றது. பல ஆண்டுகள் அது திரும்பவில்லை. பற்றரிகளும் தடைசெய்யப்பட்ட பொருள்களின் வரிசையிலே சேர்ந்துகொண்டன. செய்தி கேட்க விரும்பியவர் துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, அதன் டைனமோவை வானொலிப் பெட்டியோடு இணைத்து, மிதிபடியைக் கையாற் சுழற்றினர். ஒருவர் சுழற்ற மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்டனர். சுழற்றுபவரின் கை தளருமிடத்துச் செய்தி வாசிப்பவரின் குரலும் தளர்ந்தது. தெல்லிப்பழையையும் அதனைச் சூழ்ந்த வலிகாமம் வடக்கு ஊர்களையும் விட்டு அவ்வாண்டிலே இடம்பெயர்ந்தோர் தாம் தங்கிய இடங்களிலெல்லாம் இவ்வண்ணமே உலகச் செய்தியை அறிந்தனர். இரவிலே அவர்களுக்கு ஒளி தந்தது ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியிற் சிறிது பஞ்சை இட்டு, அது நனையுமளவுக்கு மாத்திரம் மண்ணெண்ணெய் வார்த்து, மெல்லிய திரி ஒன்றினாற் சுடரைக் காத்தனர்.

சக்தியைச் சொட்டுச் சொட்டாகச் செலவிடும் இக்கலை வறுமையினாலே பிறந்தது. ஆயினும் அதே கலையை இன்று உலகெங்கும் உள்ள மின்னணுப் பொறியியலார் வேறொரு காரணத்தினால் முயன்று பயின்று வருகின்றனர். சட்டைப்பையில் அடங்கும் கருவி, சுவரிலே பொருத்திய கதவுப் பூட்டு, சூரிய ஒளியில் ஏற்றம் பெறும் விளக்கு ஆகிய இவையெல்லாம் ஒரு சிறு கலத்தின் துணையோடு மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் வாழவேண்டியிருக்கின்றன. அவற்றின் முகப்பிலே அழுத்தும் பொத்தான்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. வழவழப்பான கண்ணாடி அல்லது பிளாத்திக்குத் தகடு ஒன்றே காணப்படுகின்றது. அதன்மீது விரலை வைத்ததும் கருவி விழித்துக்கொள்கின்றது. அசையும் உறுப்பு எதுவுமில்லாத அவ்விடத்தில் விரல் வந்ததை உணர்வது எது? உணரும்பொருட்டு அது இரவும் பகலும் விழித்திருப்பின், கலம் தீர்ந்துவிடாதோ?

இரண்டாவது வினாவே கடினமானது. பழைய சுவர் ஆளியை எடுத்துக்கொள்வோர் இதனை எளிதில் உணர்வர். அதனுள்ளே இரண்டு உலோக நாக்குகள் விலகி நிற்கின்றன. அவை நூறு ஆண்டு விலகி நின்றாலும் மின்செலவு சற்றேனும் இல்லை. காத்திருப்பது அதற்கு இலவசம். தொடு ஆளிக்கோ காத்திருப்பதே செலவு. விரல் வந்ததா, வந்ததா என்று அது ஓயாமற் பார்த்துக்கொண்டேயிருக்க வேண்டும். ஆதலின், தேய்மானமும் துருவும் இல்லாத ஆளியைப் பெற விரும்பியவர் அதற்கு ஈடாகக் காவற்கூலி ஒன்றைக் கொடுக்கவேண்டியவராயினர். அக்கூலியை எவ்வளவு குறைக்கலாம் என்பதே இங்கு ஆராயத்தக்கது.

முதலில் உணரும் முறையைக் காண்போம். மின்னேற்றத்தைத் தாங்கி வைத்திருக்கும் அமைப்பைக் கொள்ளளவி என்பர். இரண்டு கடத்தித் தகடுகளுக்கிடையே ஒரு காவலி இருந்தால் அது கொள்ளளவியாகும். 1745, 1746ஆம் ஆண்டுகளிற் செருமனியில் வொன் கிளைஸ்ற் என்பவரும் ஒல்லாந்து நாட்டின் இலீடன் நகரில் மூசென்புரோக் என்பவரும் தனித்தனியே கண்டறிந்த முதற் கொள்ளளவி ஒரு கண்ணாடிக் குப்பியே. உள்ளே இருந்த நீர் ஒரு தகடு. குப்பியின் கண்ணாடி காவலி. மற்றைத் தகடு எது? குப்பியைப் பிடித்திருந்தவரின் கை! இவ்வாறு, மனிதக் கை கொள்ளளவியின் ஓர் உறுப்பாக அமைவது இன்று நேற்றுக் கண்ட புதுமையன்று. கொள்ளளவி பிறந்த நாளிலேயே கையும் அதனோடு சேர்ந்துவிட்டது.

வானொலி நேயர்கள் இதனைத் தம் அநுபவத்திலேயே கண்டிருப்பர். பழைய சிற்றலைப் பெட்டியில் தூர நிலையம் ஒன்றை அரிதின் முயன்று பிடித்தபின் கையைச் சற்று விலக்கினால் நிலையமும் விலகிப்போகும்; கையை மீண்டும் அருகே கொண்டுசென்றால் அது திரும்பி வரும். கை சேர்த்த கொள்ளளவத்தினாற் சுற்றின் மீடிறன் மாறுவதே காரணம். பலருக்குத் தொல்லையாயிருந்த இவ்வியல்பை உருசியப் பொறியியலாளரான தெரெமின் 1920ஆம் ஆண்டளவில் இசைக்கருவியாக்கினார். தொடாமலே, காற்றிற் கையை அசைத்து வாசிக்கும் கருவி அது. இங்கிலாந்தின் மால்வேண் நகரிலிருந்த அரச இராடர் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஜோன்சன் என்பவர், விரலின் கொள்ளளவத்தால் இயங்கும் தொடுதிரையைப் பற்றி 1965ஆம் ஆண்டு எழுதி வெளியிட்டார். 1970களிலே ஜெனீவா நகருக்கு அண்மையிலுள்ள ஐரோப்பிய அணுக்கரு ஆய்வுக்கூடத்தில் ஸ்டும்ப் என்ற பொறியியலாளர், பெரிய துகள்முடுக்கி ஒன்றின் கட்டுப்பாட்டு அறைக்காக அத்தகைய திரைகளை ஆக்கினார். அக்காலத்திலேதான் கணிப்பான், நினைவகம், கடிகாரம் ஆகியவற்றை ஒரே சிலிக்கன் சில்லில் அடக்கிய நுண்கட்டுப்படுத்தியும் பிறந்தது. இரண்டும் கூடியதன் விளைவே இன்றைய தொடு ஆளி.

கண்ணாடியின் அடியில் ஒரு நாணயமளவு செப்புத் தகடு ஒட்டப்பட்டிருக்கின்றது. கண்ணாடி 3 மில்லிமீற்றர் தடிப்பு என்றும், விரல் பதியும் பரப்பு 1 சதுர சென்ரிமீற்றர் என்றும் கொண்டாற் கணக்கு எளிது. விரல் சேர்க்கும் கொள்ளளவம் ஏறத்தாழ 2 பிக்கோபரட். பிக்கோபரட் என்பது பரட் என்னும் அலகின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு. விரலில்லாத வேளையிலும் தகட்டுக்கும் அதைச் சூழ்ந்த கம்பிகளுக்கும் இயல்பாக 10 பிக்கோபரட் இருக்கலாம். எனவே பத்து பன்னிரண்டாவதைக் கண்டுபிடிக்க வேண்டும். இவ்வளவு சிறிய அளவை எந்த அளவுகோலால் அளப்பது?

இதற்குப் பல வழிகள் உள்ளன. அவற்றுள் ஒன்றைத் தெல்லிப்பழைச் செம்மண் தோட்டத்தில் துலா மிதித்து நீர் இறைத்த முதியோர் கேட்டவுடனே விளங்கிக்கொள்வர். ஒரு பட்டையின் கொள்ளளவை அறியவேண்டும். ஆனால் அளவுச் சுண்டு கையில் இல்லை. பெரிய தொட்டி ஒன்று இருக்கின்றது. என் செய்வது? பட்டை பட்டையாக நீரை மொண்டு தொட்டியில் ஊற்றி, அது குறித்த கோட்டை அடையும்வரை எத்தனை பட்டை சென்றதென்று எண்ணினாற் போதுமன்றோ? பட்டை பெரிதாயின் எண்ணிக்கை குறையும், சிறிதாயின் கூடும். தொடு தகடு அந்தப் பட்டை. 10,000 பிக்கோபரட் கொள்ளளவி ஒன்று தொட்டி. நுண்கட்டுப்படுத்தி தகட்டை மின்னழுத்தத்தால் நிரப்பி, அவ்வேற்றத்தைப் பெரிய கொள்ளளவியில் ஊற்றி, மீண்டும் நிரப்பி, மீண்டும் ஊற்றுகின்றது. பெரிய கொள்ளளவி பாதி அழுத்தத்தை அடைவதற்கு, விரல் இல்லாதபோது ஏறத்தாழ 690 முறை ஊற்றவேண்டும். விரல் இருக்கும்போது 580 முறையளவிற் கோடு எட்டிவிடுகின்றது. இடையிலுள்ள 110 என்ற வேற்றுமையே விரல். இம்முறையை ஏற்றம் மாற்றும் முறை என்பர். ஹரல்ட் பிலிப் என்பவர் இதனை வளர்த்து ஒரு நிறுவனத்தை நடத்தினார். அந்நிறுவனத்தை 2008ஆம் ஆண்டு அற்மெல் என்னும் சில்லு ஆக்கும் நிறுவனம் வாங்கிக்கொண்டது. தகட்டை ஓர் அலையியின் உறுப்பாக்கி, விரல் பட்டதும் மீடிறன் குறைவதை எண்ணும் முறையும் உண்டு. அது தெரெமினின் கருவிக்கு நெருங்கிய உறவு.

இனிக் காவற்கூலிக்கு வருவோம். நாணய வடிவில் அமைந்த 3 வோற்றுக் கலங்களில் நன்கு அறியப்பட்ட ஒன்று 220 மில்லி அம்பியர் மணி அளவான மின்னைத் தாங்கியது. நுண்கட்டுப்படுத்தி விழித்திருக்கையில் 1 மில்லி அம்பியர் மின்னோட்டத்தைக் கொள்வதாக வைத்துக்கொண்டால், 220 மணித்தியாலத்தில், அதாவது ஒன்பது நாளிற் கலம் வற்றிவிடும். ஒன்பது நாளுக்கொருமுறை கலம் மாற்றவேண்டிய கதவுப் பூட்டை எவர் வாங்குவர்?

வெங்காயத் தோட்டத்துக் காவற்குடிலில் இருப்பவர் இரவு முழுவதும் கண்ணிமையாது நிற்பதில்லை. சற்றே கண்ணயர்கின்றார், இடையிடையே எழுந்து ஒரு முறை நாற்புறமும் நோக்குகின்றார், மீண்டும் அயர்கின்றார். நுண்கட்டுப்படுத்தியும் அவ்வாறே செய்கின்றது. தன் வேகக் கடிகாரத்தை நிறுத்திவிட்டு, செக்கனுக்கு 32,768 முறை அதிரும் மெதுவான கடிகாரமொன்றை மாத்திரம் ஓடவிட்டு உறங்குகின்றது. உறக்கத்தில் அதன் செலவு 1 மைக்குரோ அம்பியர், அதாவது விழிப்பின் ஆயிரத்தில் ஒரு பங்கு. செக்கனுக்கு எட்டு முறை விழித்து, ஒவ்வொரு முறையும் 1 மில்லிசெக்கன் மாத்திரம் பார்த்துவிட்டுத் திரும்பவும் உறங்குகின்றது. பார்ப்பதற்குச் சராசரி 8 மைக்குரோ அம்பியரும் உறங்குவதற்கு 1 மைக்குரோ அம்பியரும் ஆக 9 மைக்குரோ அம்பியர். அதே கலம் இப்பொழுது ஏறத்தாழ 1,000 நாள் நிற்கும். கலத்தினுள்ளேயே தானாகக் கசியும் மின்னைக் கழித்தால் ஆயுள் சற்றுக் குறையும். ஆயினும் ஒன்பது நாள் எங்கே, ஆயிரம் நாள் எங்கே!

இன்னும் குறைவாக, செக்கனுக்கு இரு முறை பார்த்தாலென்ன என்று கேட்கலாம். அங்கேதான் மனிதர் குறுக்கிடுகின்றார். விரைவாகத் தட்டிவிட்டு விலகும் விரல், காவலர் கண்ணயர்ந்த வேளையில் வந்து போய்விடும். தொட்டும் விழிக்காத ஆளியின்மீது மக்கள் மேலும் மேலும் அழுத்துவர். அழுத்தம் அதற்குப் புரியாது. மாறாகச் செக்கனுக்கு 32 முறை பார்த்தால், செலவு 33 மைக்குரோ அம்பியராகி ஆயுள் ஒன்பது மாதமளவுக்குச் சுருங்கும். ஆகவே கைதேர்ந்தோர் இரு நடையைக் கையாளுவர்: ஓய்விருக்கையில் மெதுநடை, முதல் விரலின் சாயல் கண்டதும் சில செக்கனுக்கு வேகநடை. எண் திறப்புப் பூட்டு ஒன்றிலே பன்னிரண்டு தகடுகள் இருந்தால், ஓய்வு வேளையில் அவற்றைத் தனித்தனியே பாராமல், பன்னிரண்டையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே தகடு போலப் பார்ப்பதும் உண்டு. இதிலும் ஓர் இடர் உளது. பன்னிரண்டு தகடும் சேர்ந்தால் அடிக்கொள்ளளவம் 120 பிக்கோபரட் ஆகிவிடும். அதில் விரலின் 2 பிக்கோபரட் அறுபதில் ஒரு பங்கே. ஒருபுறம் இலாபம் தேடினால் மறுபுறம் நட்டம் எட்டிப்பார்க்கின்றது.

இவ்விடத்தில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. 690 முறை ஏற்றம் ஊற்றுவதற்கு உண்மையில் ஆகும் சக்தி மிகச் சிறிது. அதே 1 மில்லிசெக்கனில் நுண்கட்டுப்படுத்தியின் கணிப்பான் விழித்திருப்பதற்கு ஆகும் சக்தியில் அது ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கே. பார்ப்பது செலவன்று, பார்ப்பவர் விழித்திருப்பதே செலவு! இதனை உணர்ந்தபின் சில்லு ஆக்குவோர் எண்ணும் வேலையைக் கணிப்பானிடமிருந்து பிரித்து, அதற்கெனத் தனிச் சுற்றொன்றைச் சில்லின் ஒரு மூலையில் அமைக்கத் தொடங்கினர். அச்சுற்றே ஊற்றி, எண்ணி, முன் குறித்த எல்லையோடு ஒப்பிடுகின்றது. எல்லை கடந்தால் மாத்திரமே கணிப்பானை எழுப்புகின்றது. எசமானர் உள்ளே உறங்க, வாயிற்காப்போன் மாத்திரம் விழித்திருக்கும் ஏற்பாடு.

ஆயின் அந்த எல்லையைக் குறிப்பது யார்? தொழிற்சாலையிற் குறித்த எல்லை தெல்லிப்பழையிற் செல்லாது. காங்கேசன்துறைக் கடல் அண்மையிலே இருக்கின்றது. சோளகக் காற்று வீசும் மாதங்களிலே புழுதியும், வாடை பெயர்ந்து மாரி பிறந்ததும் ஈரமும் உப்பும் கண்ணாடிமீது படிகின்றன. வெப்பம் மாறக் காவலியின் இயல்பும் மாறுகின்றது. காலையில் 690 ஆக இருந்த எண்ணிக்கை, எவரும் தொடாமலே மாலையில் 660 ஆகலாம். எனவே நுண்கட்டுப்படுத்தி தன் அடிக்கணக்கை இடைவிடாது சிறிது சிறிதாகத் திருத்திக்கொள்கின்றது. மெல்ல வரும் மாற்றம் பருவத்தினது. திடீரென வருவது விரலினது. இதுவே அது கைக்கொள்ளும் நியாயம்.

நியாயம் நன்று, ஆனாற் குழப்பமில்லாததன்று. அடிக்கணக்கு மிக விரைவாகத் திருந்துமாயின், ஆறுதலாக வைத்த முதியவரின் விரலையும் பருவமாற்றமென எண்ணி விழுங்கிவிடும். மிக மெதுவாகத் திருந்துமாயின், விளக்கின்மீது யாரோ வைத்துவிட்டுப் போன புத்தகத்தை நாள் முழுதும் விரலென நம்பிக்கொண்டிருக்கும். நம்பிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் அது உறங்காது, கலமும் வற்றும். அதனால், பத்துச் செக்கனோ அதற்குச் சற்றுக் கூடவோ அசையாத தொடுகையை விரலன்று எனத் தள்ளிவிடும் விதியொன்றும் சேர்க்கப்படுகின்றது. குறைந்த மின்னில் ஓடும் தொடு ஆளியின் நிரலில், உண்மையான விரலைக் கண்டறியும் பகுதி சில வரிகளே. விரலல்லாதவற்றைத் தள்ளும் பகுதியே பெரும்பகுதி.

விரலல்லாதவற்றுட் கொடியது நீர். மழைநீரோ கிணற்றடியில் தெறித்த நீரோ கண்ணாடியிற் படலமாகப் படர்ந்தால், அது ஒரு தகட்டை அடுத்த தகட்டோடும் ஓரத்துக் கம்பியோடும் இணைத்துவிடும். நுண்கட்டுப்படுத்தி பல விரல்கள் ஒருங்கே வந்தனவென்று மயங்கும். இதற்கு ஒரு பரிகாரம், தகட்டைச் சுற்றிக் காப்புக் கம்பி ஒன்றை அமைத்து, தகட்டின் அழுத்தத்தையே அதற்கும் ஊட்டுவதாகும். இரண்டிடத்தும் ஒரே அழுத்தம் இருக்கும்போது இடையிலுள்ள நீரினூடு ஏற்றம் பாய்வதற்கில்லை. நீர் இருந்தும் இல்லாததாகின்றது. மற்றொரு பரிகாரம் எளிது. மூன்று நான்கு தகடுகள் ஒருசேர எழுந்தால் ஒன்றையும் ஏற்காதிருத்தல்.

நிலத்தோடு தொடர்பின்றிக் கலத்தில் மாத்திரம் இயங்கும் கருவிக்கு இன்னொரு குறையும் உண்டு. விரலிற் சென்ற ஏற்றம் உடலினூடும் நிலத்தினூடும் கருவிக்குத் திரும்பி வரவேண்டும். சுவரிற் பொருத்திய கருவிக்கு அவ்வழி விசாலம். கயிற்றிற் கட்டித் தூக்கிய சிறு விளக்குக்கு அது ஒடுக்கம். ஆகவே மேசையில் நன்கு இயங்கிய ஆளி மாமரக் கிளையிலே தொங்கும்போது சோம்பல் காட்டலாம். மின்னேற்றும் பெட்டியோடு இணைத்ததும் அதே ஆளி, அப்பெட்டியின் இரைச்சலினால் தானே துடிக்கவும் கூடும். ஆய்வுகூடத்தில் ஒரு நிலையில் மாத்திரம் பரிசோதித்துச் சந்தைக்கு அனுப்பிய கருவிகள் இவ்விரு குறைகளாலும் பழிக்கப்படுவதுண்டு.

தெல்லிப்பழையில் இத்தகைய ஆளி யாருக்குப் பயன்படும்? அங்குள்ள ஆதார வைத்தியசாலையிற் புற்றுநோய்ச் சிகிச்சைப் பகுதி ஒன்று இருக்கின்றது. 2011ஆம் ஆண்டு தென்கோடியாகிய தெய்வேந்திரமுனையிலிருந்து வடகோடியாகிய பருத்தித்துறைவரை நடந்த நெடும் நடைபயணத்திற் சேர்ந்த நிதி அதற்கு உதவிற்று. புற்றுநோயாளரின் உடல் கிருமிகளைத் தாங்கும் வலு குன்றியது. அத்தகைய விடுதிகளிற் கையாளும் கருவிகளில் இடுக்குகள் இருத்தல் ஆகாது. பொத்தானின் ஓரத்து இடுக்கே அழுக்கின் உறைவிடம். இடைவெளியற்ற கண்ணாடி முகப்பை மருந்துநீர் தோய்ந்த துணியாலே துடைத்துவிடலாம். தாதியின் மெல்லிய இறப்பர்க் கையுறை விரலுக்குத் தடையாவதில்லை. அதுவும் ஒரு மெல்லிய காவலியே. ஆனாற் துடைக்கும் துணியே ஆளியைத் தொட்டு மருந்தின் வேகத்தை மாற்றிவிடுமாயின்? ஆதலின், துடைப்பதற்கு முன் முகப்பைப் பூட்டும் தனி ஏற்பாடும், ஒரு கட்டளையை இருமுறை உறுதிசெய்யும் ஏற்பாடும் அங்கே இன்றியமையாதவை. அவ்விடத்திற் பத்து மைக்குரோ அம்பியரை மிச்சம்பிடிப்பதற்காக ஒரு பரிசோதனையைக் குறைப்பது அறிவீனம். மின்சாரம் தடைப்பட்ட வேளையிலே கருவியின் கலம் நெடுநேரம் தாங்கவேண்டும் என்பதும் அதே அளவுக்கு உண்மை. இரண்டையும் ஒருங்கே நிறைவேற்றுவதே பொறியியலாளரின் பாடு.

பார்வையற்றோரின் நிலை வேறு. அவர்கள் விரலாற் தடவிப் பார்த்தே பொத்தானின் இடத்தை அறிகின்றனர். சமதளக் கண்ணாடியிலே தடவுவதற்கு மேடு இல்லை. தடவிய விரலையே ஆளி கட்டளையாகக் கொண்டுவிடுகின்றது. தேடுவதும் கட்டளையிடுவதும் ஒன்றாகிவிட்ட அக்கருவி அவர்களுக்கு உதவாது. கண்ணாடியின் மேற்பரப்பிலே சிறு புள்ளி மேடுகளை அமைத்து, விரல் ஓரிடத்தில் அரைச் செக்கன் நிலைத்தால் அல்லது இருமுறை தட்டினால் மாத்திரமே ஏற்குமாறு நிரலை மாற்றலாம். அதற்குப் புதிய சில்லு வேண்டியதில்லை. மின்செலவும் கூடுவதில்லை. இவ்வளவு எளிய திருத்தத்தையும் பல கருவிகளிற் காண முடியாதிருப்பது வருந்தத்தக்கது.

இனி, தலைகீழாக நின்ற அந்தத் துவிச்சக்கரவண்டிக்குத் திரும்பினால் ஒரு கணக்கு எஞ்சியிருக்கின்றது. வழக்கமான டைனமோ முழு வேகத்திற் சுழலும்போது 3 வாற்று வலு தருவது. மேலே சொன்ன தொடு ஆளி 3 வோற்றில் 9 மைக்குரோ அம்பியர் கொள்வது. ஒரு நிமிடம் அந்த டைனமோ தந்த சக்தியை இழப்பின்றிச் சேமிக்க முடியுமானால், அச்சக்தியைக் கொண்டு அவ்வாளி விரலொன்றை எதிர்பார்த்து 77 நாள் காத்திருக்கும்.